கொடியில் காயும் கம்பளித் தொப்பி

நேற்று எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றில், அம்மாவின் இரண்டு சேலைகளுக்கும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகும் சட்டைக்கும் நடுவே, ஒரு கம்பளித் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. காப்பித்தூள் நிறம். கையால் பின்னியது, ஓரத்தில் ஒரு வரிசை கொஞ்சம் கோணலாக ஓடும். சித்திரை வெயிலில் மண் தரையில் கால் வைக்க முடியாத நேரம். குடத்தோடு போன எதிர்வீட்டு அக்கா நின்று பார்த்துவிட்டு, "என்னங்கத்தே, ஊட்டிக்குக் கெளம்பிட்டீங்களா? தொப்பியெல்லாம் காயுது" என்றாள். "ஆமாடி, நீயும் வாரியா, சேந்தே போவோம்" என்று அம்மா பதில் சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டே போனாள். அம்மா சிரிக்கவில்லை. தொப்பியைத் திருப்பி, உள்பக்கம் வெயில் படும்படி போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தாள்.

எங்கள் ஊர் நார்த்தாமலைக்குப் பக்கத்தில். அப்பா கல் கிரஷரில் வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரியில் என்ன நடக்கிறது, எத்தனை வருஷம் படிக்க வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும். அதனால், ஒரு மாணவர் அமைப்பு வழியாக ஆறு வாரம் போலந்து நாட்டுக்குத் தொண்டு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, அதுவும் படிப்பில் ஒரு பாடம் என்றே அப்பா எடுத்துக்கொண்டார். என்னோடு படித்த ஆவூர் நண்பன்தான் அந்த அமைப்பில் என்னைச் சேர்த்துவிட்டவன். அங்குள்ள மழலையர் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் நம் நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், நம் விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்த ஊர் வீடு ஒன்றில் தங்கிக்கொள்ளலாம். "சம்பளம் உண்டாடா?" என்று கேட்டார் அப்பா. இல்லை என்றேன். "அப்பறம் எதுக்கு அம்புட்டுத் தூரம்?" அவங்க பழக்கவழக்கத்தைத் தெரிஞ்சுக்கத்தான் என்றேன். "மொதல்ல நம்ம பழக்கவழக்கத்தைத் தெரிஞ்சுக்கடா. மாமன் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் எழுதக்கூட ஒனக்குத் தெரியல" என்று சிரித்தார். அப்புறம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அங்கிட்டுக் குளிரு எப்புடி?"

அப்பாவுக்குக் குளிர் ஆகாது. மார்கழி பிறந்துவிட்டால் காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். சோறு வடிக்க இடம் விடுங்கள் என்று அம்மா விரட்டினாலும் நகரமாட்டார். நான் போய்ச் சேர்ந்த பிறகு, தினமும் போனில் அவர் கேட்டது நான் சாப்பிட்டேனா என்றுகூட இல்லை. "குளிருதா?" "குளிருதுப்பா." "காதை மூடிக்க." அவ்வளவுதான் பேச்சு. உடனே அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவார்.

என்னைத் தன் வீட்டில் தங்க வைத்த அம்மாள் அந்தச் சிற்றூரில் டவுன் பஸ் ஓட்டுபவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகனுக்கு இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிடங்கில் வேலை. காலியாகக் கிடந்த மகனின் அறையைத்தான் எனக்குக் கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. அவர் தன் கைபேசியில் பேசுவார். அது தமிழாக மாற்றி ஒரு பெண் குரலில் சொல்லும். எனவே அந்த அம்மாளின் பேச்சு முழுவதும், ரயில் நிலைய அறிவிப்பு போன்ற ஒரு குரலில்தான் என் நினைவில் இருக்கிறது. முதல் நாள் காலையில் நான் மூன்று சட்டை, இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட் என்று போட்டுக்கொண்டு வந்து நின்றேன். சிகரெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கைபேசி மரியாதையாகச் சொன்னது: "நீங்கள் ஒரு வெங்காயம்." நான் திகைத்து நின்றதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுக்கடுக்காக உடுத்துவதை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். நம் ஊரில் யாரை வெங்காயம் என்போம் என்று நான் விளக்கியதும், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

நான்காவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சித்தப்பா கூப்பிட்டார். "தம்பி, அப்பா போயிட்டாருடா. காலையில டீயக் குடிச்சிட்டு உக்காந்தவரு அப்புடியே சாஞ்சுட்டாரு." அவர் தொடர்ந்து பேசினார். கீரனூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்துவிட்டதாம். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள்; துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மகன் வந்து சேரும்வரை பெற்றவர்களை அந்தப் பெட்டியில் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. "நீ ஒத்தப் புள்ள. நீ வந்துதான் கொள்ளி வைக்கணும். மூணு நாளானாலும் வச்சிருப்போம், கெளம்பி வா." அன்று அங்கே கடும் பனிப்பொழிவு. விமான நிலையம் போகவே அரை நாள் ஆகும். டிக்கெட் கிடைத்து, மூன்று விமானம் மாறி வந்து சேர மூன்று நாள் ஆகலாம் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னேன். அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா சித்தப்பாவிடமிருந்து போனை வாங்கினாள்.

"அய்யா, அவரை அந்தப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. கண்ணாடி பூராம் பனி பூத்து மொகமே தெரியல. தொடச்சுத் தொடச்சுப் பாக்கறேன், மறுபடி மூடிக்கிருது." முந்தானையில் மூக்கைச் சிந்துவது கேட்டது. "அவருக்குக் குளிரு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்ல. மூணு நாளு எப்புடிய்யா கெடப்பாரு?"

"எடுத்துரச் சொல்லும்மா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு, மகனாகப் பிறந்ததற்கு நான் செய்ய வேண்டியிருந்த கடைசி வேலை என் கையை விட்டுப் போனது. அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

அறையை விட்டு வெளியே வந்தபோது அந்த அம்மாள் அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். போனில் அம்மா அழுதது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார். கைபேசியை எடுக்கவில்லை. உள்ளே போய்க் கறுப்பு உடை மாற்றிக்கொண்டு வந்தார்.

சமையலறை மேசையில், சர்க்கரை ஜாடிமேல் என் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் அப்பாவின் காரியத்தைப் பார்த்தோம். சுடுகாட்டில் ஆவூர் நண்பன்தான் போனைப் பிடித்திருந்தான். பாதி நேரம் சீமைக்கருவேல மரமும் ஆட்களின் முதுகும்தான் தெரிந்தன. சித்தப்பா மகன், பத்தாவது படிக்கிறவன், புதிதாக மழித்த தலையோடு கொள்ளிக்குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தான். குடத்தில் ஓட்டை போடப் போட, தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. "டேய், இங்க பாரு, தெரியுதா, அப்பா மொகம் தெரியுதா?" என்று நண்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். தெரியுது என்றேன். தெரியவில்லை. படம் நின்று நின்று நகர்ந்தது. பிறகு மொத்தமாக நின்றுவிட்டது. அசையாத அந்தப் படத்தையே நாங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் தலையில் முடி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை முடிதிருத்தும் கடை கிடையாது. தலையைத் தொட்டு, மழிக்க வேண்டும் என்று கையால் காட்டினேன். அவர் உள்ளே போய், கணவர் பயன்படுத்திய முடிவெட்டும் மிஷினையும் ரேசரையும் கொண்டுவந்தார். கைபேசி கேட்டது: "தங்கள் முடியை நான் அகற்றலாமா? எனக்கு அந்தத் தகுதி உண்டா?" தலையசைத்தேன். கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டி, பஸ் ஓட்டும் அந்தப் பெரிய கைகளால், ஒரு கீறல்கூட விழாமல் மழித்தார். இடையிடையே உள்ளங்கையால் என் தலையில் ஒட்டிய துணுக்குகளைத் துடைத்துவிட்டார். முடிந்ததும் தரையில் கிடந்த முடியைக் கூட்டி, ரொட்டி வாங்கிவந்த காகிதப் பையில் போட்டு, "இதை என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஊரில் குளத்தங்கரையில் எடுத்துவிட்டு முழுகி எழுந்துவிடுவோம். முடி எங்கே போகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம்ம பழக்கவழக்கத்தை மொதல்ல தெரிஞ்சுக்கடா என்று அப்பா சொன்னது காதில் விழுந்தது. தண்ணீரில் விட வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

காரில் ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிப் போனார். ஆறு உறைந்து கிடந்தது. பையைக் கவிழ்த்தேன். முடி தண்ணீரில் போகவில்லை. வெள்ளைப் பனிக்கட்டிமேல் ஒரு கறுப்புத் திட்டாக அப்படியே கிடந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஊருக்குத் திரும்பி வெகுநாள் கழித்து, ஆற்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே கைபேசித் தமிழில் ஒரு வரி: "பனி உடைந்தது. உங்கள் தந்தைக்கு உரியது கடலுக்குச் செல்கிறது."

அன்று பாலத்திலிருந்து வந்ததும், மொட்டைத் தலையோடு நான் நடுங்குவதைப் பார்த்து, தன் காப்பித்தூள் நிற ஸ்வெட்டரின் ஒரு கையைப் பிரித்து, அந்த நூலிலேயே பின்ன உட்கார்ந்தார். மறுநாள் பள்ளிக்கு அந்தத் தொப்பியோடு போனேன். இந்தியா எவ்வளவு பெரியது, யானை எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குக் கையை விரித்துக் காட்டினேன். ஒரு சிறுமி தொப்பியைக் கழற்றச் சொல்லித் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, மற்றவர்களையும் கூப்பிட்டாள். எல்லோரும் வரிசையில் நின்று தடவினார்கள்.

டிக்கெட்டை மாற்றக் காசு கட்ட வழியில்லாமல், ஆறு வாரத்தையும் முடித்து ஊருக்குத் திரும்பியபோது கருமாதியும் முடிந்திருந்தது. சித்தப்பா என் தலையைப் பார்த்தார்; யார் எடுத்தது என்று கேட்டார்; சொன்னேன். "பொம்பள கையால மொட்டையா? இது எந்த ஊரு சாத்திரம்டா?" அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கை யாரு கையா இருந்தா என்ன தம்பி? எம்புள்ள அநாதையா நிக்கயில பக்கத்துல நின்னாள்ல. நம்மள்ல யாரு நின்னோம்?" சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் இரண்டு அம்மாக்களும் என் போனில் பார்த்துக்கொள்வார்கள். கைபேசி மொழிபெயர்க்கும்வரை இருவருக்கும் பொறுமை இல்லை. அம்மா கத்தரிக்காய்க் குழம்பைக் காட்டித் தமிழில் பேசுவாள், அவர் பீட்ரூட் சூப்பைக் காட்டித் தன் மொழியில் பேசுவார். சிரிக்கிற இடம் மட்டும் எப்படியோ ஒன்றாக வரும். நான் படித்து முடித்து, குளத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்ததும், "வெங்காயம் ஆசிரியராகிவிட்டது" என்று செய்தி அனுப்பினார். போன வருஷம் ஆடியில் ஒரு நாள் பேசிவிட்டு வைத்ததும் அம்மா கேட்டாள். "ஏன்டா, அங்கிட்டு இப்ப வெயில் காலமுன்னு சொன்னியே. அந்தம்மா ஏன் தொப்பியோடயே உக்காந்திருக்கு?" அதே காப்பித்தூள் நிறம். ஸ்வெட்டரின் இன்னொரு கையையும் பிரித்துவிட்டார் போல என்று நினைத்தேன். "அங்க வெயிலுக்கும் குளிருந்தாம்மா" என்றேன்.

போன வாரம் அந்த மாணவர் அமைப்பில் அப்போது எங்களைப் பார்த்துக்கொண்ட பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. அந்த அம்மாள் இறந்துவிட்டார்; புற்றுநோயாம். ஒரு வருஷத்துக்கு மேலாக மருத்துவமனைக்குப் போய் வந்திருக்கிறார். முடி எல்லாம் கொட்டிவிட்டது. தன் மகனிடமே கடைசியில்தான் சொன்னாராம். சனிக்கிழமை அடக்கம், பார்ப்பதற்கு ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மொட்டை போட்டுக்கிட்டு வந்துர்றேம்மா" என்று எழுந்தேன். அம்மா பதறிவிட்டாள். "கிறுக்கா ஒனக்கு? நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அம்மாவுக்குன்னு மொட்டை போடுவியா?" நான் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் கிட்டத்தில் இல்லை, இவருக்கும் இல்லை. அம்மா என்னையே பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்துவந்தாள். பாச்சை உருண்டை வாசம் அடித்தது. "இதைப் போட்டுக்க. போட்டுக்கிட்டு உக்காரு."

வெளியே அனல். கரண்ட் வேறு இல்லை. தொப்பியோடு பாயில் உட்கார்ந்து, பருப்புச் சம்படத்தில் போனைச் சாய்த்து வைத்தேன். பஸ் சீருடை போட்ட ஆறு பேர் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். அவர் மகன், நான் படத்தில் மட்டுமே பார்த்தவன், நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். பெட்டிக்குப் பின்னால் வெறுந்தலையோடு நடந்தான். சித்திரை பிறந்தும் அங்கே பொடிப் பனி விழுந்துகொண்டிருந்தது. என் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகி, கண்ணில் இறங்கி, மோவாயில் சொட்டியது. துடைக்கவில்லை. அம்மா போனுக்குக் கிட்டத்தில் குனிந்து, அந்தக் கோட்டுகளையும் கறுப்பு உடைகளையும் பார்த்தாள்.

"அங்கிட்டுக் குளிருதாடா?" என்றாள்.

"குளிருதும்மா."

கையை நீட்டி, தொப்பியை என் காது மூட இழுத்துவிட்டாள்.

குழியில் மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு அம்மாவே அதைக் கழற்றினாள். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் அடுப்பை மூட்டினாள். ஞாயிற்றுக்கிழமையான நேற்றுக் காலையில் அதைத் துவைத்துக் கொடியில் போட்டாள். சேலைகள் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. என் சட்டையும் காய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் அம்மா தொப்பியை எடுத்து, பச்சைப்பிள்ளைத் துணியில் ஈரம் பார்ப்பதுபோலக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உடனே எடுக்கவில்லை.

"இன்னும் குளுந்துதான்டா கெடக்கு" என்றாள். "நாளைக்கும் ஒரு வெயிலு காட்டணும்."

திரும்பவும் அதைக் கொடியிலேயே போட்டாள்.