அவசரத்தில் சொல்லிக்கொடுத்த சொல்

போன தீபாவளிக்கு மறுநாள் நடந்தது. ஈப்போவில் நான் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். படிக்க வருபவர்கள் எல்லாருமே சீனர்கள். அன்று முதலில் வந்தவர், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்யும் அக்கா. வந்ததும் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார்.

அவர் பார்த்துக்கொள்ளும் தாத்தா ஒருவர் நம்மவர், சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவரை இல்லத்தில் சேர்த்ததிலிருந்து பிள்ளைகளுக்குள் மனஸ்தாபம். மூத்த மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அவருக்கு அக்கா எப்போதும் மலாய் மொழியில்தான் தகவல் அனுப்புவார். அன்று மதியம் ஆசைப்பட்டு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்: “உங்கள் தம்பி, தங்கைகள் எல்லாரும் இன்று வந்து அப்பாவை ‘கேங் அப்’ செய்தார்கள். அப்பா ரொம்ப அழுதார்.”

அப்பாவை அடித்தது யார், போலீசுக்குப் போகிறேன் என்று மகன் பதில் போட்டிருந்தார். உடனே அழைத்தும் இருக்கிறார். அவர் கோபத்தில் பேசிய ஆங்கிலம் அக்காவுக்குப் புரியவில்லை. பயந்துபோய் அதற்குப் பிறகு வந்த அழைப்புகளை அவர் எடுக்கவே இல்லை.

“டீச்சர், நான் என்ன தப்பா எழுதிட்டேன்?” என்று மலாயில் கேட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

தப்பு என்னுடையது. விடுமுறைக்கு முந்தின வகுப்பில், பலகாரம் சுட வீட்டுக்கு ஓடும் அவசரத்தில், ‘யுனைட்’, ‘கெட் டுகெதர்’, ‘கேங் அப்’ என்று பலகையில் எழுதி, எல்லாம் ஒன்றுசேர்வதுதான் என்று முடித்துவிட்டேன். கடைசிச் சொல், ஒருவரை எதிர்த்துக் கூட்டாகக் கிளம்புவது என்று விளக்கவே இல்லை.

நடந்ததை அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் கைப்பேசியிலிருந்தே மகனை அழைத்தேன். அக்காவின் ஆங்கில டீச்சர் என்று தமிழில் சொன்னதும் கத்துவதை நிறுத்தினார். பேசிக்கொள்ளாமல் இருந்த மூவரும் ஒன்றாக வந்து அப்பாவுக்கு நெய்யுருண்டை ஊட்டியதைச் சொன்னேன். அக்கா எடுத்திருந்த படத்தையும் அனுப்பினோம்.

“அப்போ அப்பா சந்தோஷத்துலதான் அழுதாரா, டீச்சர்?” என்றார் மகன்.

“ஆமாண்ணே. தப்பா சொல்லிக்கொடுத்தது நான்தான்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம், கூடவே சிரிப்பு. அக்காவிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டார். முதலில் தம்பிக்குப் போன் போடவேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

இப்போதெல்லாம் ஒரு புதுச் சொல்லைப் பலகையில் எழுதினால், அது யார் வீட்டில் போய் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்காமல் என்னால் அடுத்த சொல்லுக்குப் போக முடிவதில்லை.