மூன்று ஏழுக்கு வந்த குறிப்பு

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. எங்கள் மாடி வீட்டுக்காரிக்குப் பொய் சொல்ல வராது. வயதைக் கேட்டால்கூடச் சரியாகச் சொல்லிவிடுகிற அப்பாவி.

வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சர்வரில் ஒரே ஃபோல்டர். பன்னிரண்டும் நெட்வொர்க் வழியாக அதிலிருந்துதான் புரோகிராம்களை எடுத்துக்கொள்ளும். சர்வரை அப்டேட் செய்தால் எல்லாவற்றுக்கும் ஆனமாதிரி. முடித்ததும் அந்த ஃபோல்டரில் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

மூன்று ஞாயிறுகளாக, இவள் போவதற்கு முன்பே அப்டேட் முடிந்திருந்தது. குறிப்பும் இருந்தது. இவள் பெயரில்!

"நீ வந்தது நாலு மணி. குறிப்பு மூணு ஏழுக்கு. பாஸ்வேர்டை யாருக்கும்மா குடுத்தே?" என்றார் மேனேஜர்.

"யாருக்கும் இல்ல சார்."

"திங்கக்கிழமைக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா வேலைக்கு வராதே."

இவளுக்குச் சந்தேகம், அதே அலுவலகத்தில் ஆட்களின் பெயரைச் சர்வரில் பதிகிற மேனேஜருடைய மச்சினன் மேல். இந்த வேலைமேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

அடுத்த ஞாயிறு, பகல் 2:30. பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் அணைந்திருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தன. சர்வர் அறையை உள்ளே தாழிட்டாள். அப்டேட்டை இறக்கி வைத்துக்கொண்டு, வெளி இணைய வயரைப் பிடுங்கினாள். இனி எவன் எழுதுவதானாலும் இந்த கீபோர்டில்தான் எழுத வேண்டும்.

'வாடா மச்சினா' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு கைகட்டி உட்கார்ந்தாள்.

2:51. சர்வர் ஃபேன் சத்தம் மட்டும்.

2:58. பக்கத்தில் கிடந்த பழைய சுழல் நாற்காலி... உஸ்ஸ்ஸ்... என்று இறங்கியது.

ஆள் உட்கார்ந்தால்தானே அது இறங்கும்?

3:05. நாற்காலி மெல்லத் திரும்பியது. திரையைப் பார்த்து.

3:07.

டக். டக். டக்...

கீபோர்டில் ஒரு கட்டையும் அமுங்கவில்லை. சத்தம் மட்டும்.

ஃபோல்டரில் புதுக் குறிப்பு.

"பன்னிரண்டும் முடிந்தது."

எழுதியவர்... அவள்.

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். வெறுங்காலோடு படியேறியதை நானே பார்த்தேன். விடுவேனா, பின்னாலேயே போய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

திங்களன்று, நாற்காலி என்றதுமே மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது உனக்கு முன்னாடி இருந்தவரோடது. ஒரு ஞாயித்துக்கிழமை... அப்டேட் பாதியில... அதுலயே உயிர் போயிடுச்சு."

மச்சினன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "சர்வர்ல அவரு பேரை அழிச்சிட்டு, அவரோட நம்பரைத்தான் உங்களுக்குப் போட்டேன்க்கா. காலியாத்தானே இருந்துச்சு..."

சர்வருக்கு ஆளைத் தெரியாதாம். எண்தான் தெரியும். பெயர் என்பது அதன்மேல் ஒட்டிய சீட்டு. அவருடைய எண் 1013.

அன்றே இவளுக்குப் புது எண் கொடுத்தார்கள். வேலைக்கும் ஆபத்தில்லை. மச்சினன் அந்த அறைப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்றுவிட்டான். நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள்.

அடுத்த ஞாயிறு யாரும் போகவில்லை. அலுவலகம் பூட்டியே கிடந்தது.

திங்கள் காலை பார்த்தாள்.

குறிப்பு. நேரம் 3:07.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1013 மட்டும்.

"பன்னிரண்டும் முடிந்தது."

அதன்கீழ், புதிதாக ஒரு வரி...

"என் நாற்காலி எங்கே?"