பூவரச இலையில் அண்ணை

வெள்ளைக்காரர் காலத்தில் நான் உடுப்பிட்டியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். வெயிலில் இலை மாப்பொருள் ஆக்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, முதல்நாள் வெயில் படாமல் மூடிவைத்த எங்கள் முற்றத்துப் பூவரச இலையொன்றின்மேல் ஒரு புகைப்பட நெகற்றிவைக் கட்டினேன். வீட்டிலிருந்தது அது ஒன்றுதான். காய்ச்சலில் இறந்த அண்ணையின் முகம் பதிந்தது.

மாலையில் இலையைப் பறித்து, பச்சை போக ஸ்பிரிட்டில் அவித்து, அயடீன் ஊற்றினேன். வெளிறிய இலையில் முதலில் மீசை கறுத்தது. பிறகு கண்கள்.

பின்னால் நின்ற அம்மா அலறவில்லை.

"தம்பி, ஆட்டுக்கு இண்டைக்கு எந்த மரத்திலை குழை முறிச்சனி?"

"உந்தப் பூவரசிலைதான், அம்மா."

இருவரும் கொட்டிலைப் பார்த்தோம். ஆடு மெதுவாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நெகற்றிவின் தெளிந்த இடங்களினூடே வெயில் பட்ட இடத்தில் மாப்பொருள் ஊறும், அங்கே அயடீன் கறுக்கும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அதன்பின் அந்த ஆட்டின் பாலை நான் குடித்ததில்லை.