கிணறு இருந்த பக்கம்

நான் மரப்பலகையில் படம் வெட்டி அச்சடிக்கிறவள். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பது அரிசி பருப்புக்காக; இதுதான் என் வேலை. உளியால் தோண்டிய இடம் தாளில் வெள்ளையாக வரும், விட்ட இடம் கறுப்பாக வரும். வெங்காயம் கிண்டுகிற பெண்கள், வேலி அடைக்கிறவர்கள், மழைத் தண்ணீர் நிற்கிற தோட்டத் தறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் மட்டும் மாட்டுவண்டிப் படம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உழவு மெசின் இருக்கிறது, தரட்டுமா என்பேன். ஒருவரும் வாங்கியதில்லை.

என்னுடைய படங்களில் நான் விற்காதது ஒன்றே ஒன்று. பத்தொன்பது வயதில், உளி பிடிக்கப் பழகிய புதிதில் வெட்டிய முதல் படம் அது. அம்மா கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளுகிறா. பக்கத்தில் அம்மா சமைக்கிற குசினியும் வீட்டின் முன்பக்கமும் தெரிகின்றன. வீட்டில் இருந்த ஒரேயொரு புகைப்படத்தைப் பார்த்து வெட்டினேன். பிந்தி வந்த இடப்பெயர்வொன்றில் அந்தப் புகைப்படம் தொலைந்தது. பலகையும் போயிற்று. அச்சடித்த தாள் ஒன்று மட்டும் சட்டம் போட்டு என்னுடன் வந்துகொண்டே இருந்தது.

போர் வந்து ஊரை விட்டு ஓடியபோது எனக்குப் பத்து வயது. நான் கடைக்குட்டி, அண்ணை மூத்தவர். எங்களுக்கிடையில் பத்தொன்பது வயது. பிறகு ஊர் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், முப்பது வருடத்துக்கு மேல் ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. அண்ணையின் மனைவி காலமானதும் அவர் உரும்பிராயில் என்னோடு வந்து இருந்தார். ஒரே மகள் கனடாவில். அங்கே வரும்படி அவள் கேட்கும்போதெல்லாம் அண்ணைக்கு ஒரே பதில்தான். "காணி விடட்டும். நான் அங்கை போய் இருக்கப் போறன்."

போன வருடம் காணி விட்டார்கள். போய்ப் பார்த்தோம். வீடு தரைமட்டம். குசினிச் சீமெந்து நிலமும் முன்சுவரில் இடுப்பளவு துண்டும் மிச்சம். மற்றதெல்லாம் பற்றை. கிணற்றை மூடி மண்ணை மட்டப்படுத்தியிருந்தார்கள். அது இருந்த சுவடே இல்லை. நான் அழுதேன். அண்ணை அழவில்லை.

"வீட்டைப் பிறகு பாப்பம். முதல் கிணறு" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஓரிடத்தில் நல்ல தண்ணீர் வரும், பத்தடி தள்ளி வெட்டினால் உவர். பழைய கிணறு கிடைத்தால்தான் அங்கே குடியிருக்கலாம். மூன்று நாள் தனியாகப் பற்றை வெட்டி, குசினிக்கு மேற்குப் பக்கமாக நான்கு தடி நட்டார். மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தடி நட்ட இடம் அவளுக்குத் தெரியத்தக்கதாகப் பிடித்துக் காட்டும்படி என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அண்ணி போன பிறகு நான் கண்டதில்லை.

அதைக் கெடுத்தது நான்தான்.

"அண்ணை, மேற்கிலை இல்லை. கிழக்கிலை" என்றேன். எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. கண்ணை மூடினால் கிணறு கிழக்கில் நின்றது. இடம் பார்க்கவென்று கொண்டுபோயிருந்த அந்த முதல் படத்தை எடுத்துத் தொலைபேசிக்கு முன்னால் பிடித்தேன். தெற்கே நின்று பார்க்கிற மாதிரியான படம். குசினிக்கு வலது கைப்பக்கம் கிணறு. வலது என்றால் கிழக்கு.

"இல்லைத் தங்கச்சி. காலமை கிணத்தடியிலை குசினி நிழல் விழும். வெய்யில் ஏற முந்தி அம்மா உடுப்புத் தோய்ச்சு முடிப்பா. கிழக்கெண்டால் நிழல் எங்காலை வந்தது?"

நின்று யோசித்திருக்க வேண்டும். நானோ, நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். "படம் இருக்கு அண்ணை. படத்துக்கு மறதி வராது" என்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடிக்க வேண்டும்போல இருக்கிறது.

அண்ணையின் மகளுக்கு ஏற்கெனவே பயம். அப்பா அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனதையும், ஒரே செய்தியை இரண்டு தரம் சொன்னதையும் மனதில் போட்டு வைத்திருந்தாள்.

"பாத்தீங்களோ அப்பா? இருந்த வீட்டுக் கிணறு எந்தப் பக்கமெண்டு தெரியேல்லை. இனி உங்களைத் தனிய விடேலாது. மாமி, நீங்களே சொல்லுங்கோ."

நான் படத்தைப் பிடித்தபடியே நின்றேன். அண்ணை படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு போய் நான்கு தடிகளையும் பிடுங்கி, ஒன்றாகச் சேர்த்து முன்சுவரில் சாத்தி வைத்தார்.

அன்றோடு ஊருக்குப் போகிற கதை நின்றது. கனடாவுக்கு விண்ணப்பம் போட ஓம் என்றார். அதைவிட மற்ற மாற்றங்கள்தான் என்னை வருத்தின. கேற்றைப் பூட்டிவிட்டு வந்து, "பூட்டினனானோ எண்டு ஒருக்காப் பார்" என்பார். பழைய கதை ஏதும் தொடங்கினால் பாதியில் நிறுத்தி, "அப்பிடித்தானே?" என்று என் முகத்தைப் பார்ப்பார். எதற்கெடுத்தாலும் என்னோடு சண்டை பிடிக்கிற மனிதர், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டத் தொடங்கினார். வயது போகிறது, என்ன செய்வது என்று நானும் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் கொண்டுபோவதற்காக அந்த முதல் படத்தையே பெரிதாக, புதிதாக வெட்டிக் கொடுக்க நினைத்தேன். பழைய தாளைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தவள், அம்மாவின் சேலைத் தலைப்பில் நின்றுவிட்டேன். தலைப்பு வலது தோளில் கிடந்தது. இந்தத் தீவில் எந்தப் பெண் வலது தோளில் தலைப்புப் போடுகிறாள்?

பலகையில் வெட்டுவது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும். அதனால்தான் முதலில் படத்தைத் திருப்பிப் பலகையில் வரைய வேண்டும். வகுப்பில் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். திருப்பாமல் வெட்டுகிற பிள்ளைக்கு ஏச்சும் விழும். பத்தொன்பது வயதில் எனக்கு அது தெரியாது. புகைப்படத்தில் கண்டபடியே வெட்டி, கண்டதற்கு எதிராக அச்சடித்து, சுவரில் மாட்டி, கால் நூற்றாண்டாக அதைப் பார்த்துப் பார்த்து, என் வீட்டையே இடம் மாற்றி வைத்திருந்திருக்கிறேன். பத்து வயதில் நான் கண்ட வீடு என்னிடம் இல்லை. இருந்தது அந்தத் தாள் மட்டுந்தான். பென்சிலை வைத்துவிட்டேன்.

அண்ணை கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள் அம்மாவின் தலைப்பு இடது தோளுக்கு வந்தது. கிணறு மேற்குக்குப் போனது.

"நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை. நான்தான் பிழை. படம் மாறி விழுந்திருக்கு. என்னை மன்னியுங்கோ."

அவர் துள்ளிக் குதிப்பார், நாலு வார்த்தை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏச வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"ஓம், நீ சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

மகளிடமும் சொன்னேன். "சரி மாமி, ஒரு கிணறு சரி. கேத்தில் எரிஞ்சது பொய்யே?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் விடவில்லை. அடுத்த கிழமையே இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்து, அண்ணையையும் இழுத்துக்கொண்டு போனேன். தடி நட்ட குழிகள் இன்னும் தூர்ந்திருக்கவில்லை. முழங்காலளவு தோண்டவே கிணற்றுக் கட்டின் கல் தட்டுப்பட்டது. இடிபாடும் மண்ணுமாக அள்ளி எடுக்கப் பன்னிரண்டு நாள் பிடித்தது. பதின்மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது.

அண்ணை ஒரு காலத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அது யார் வீட்டுக் கிணறு என்று சொல்கிறவர். ஊரில் புதுக் கிணறு வெட்டினால் முதல் வாளியைக் குடித்துப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் முகம் சுழித்தால் அந்தக் குழியை மூடிவிடுவார்கள். வேலைக்காரர் இருவரும் முதலே குடித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகப் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணை செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தார். வாய்க்குள் வைத்திருந்து, மெதுவாக விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு செம்பை என்னிடம் நீட்டினார்.

"நல்ல தண்ணிதானோ தங்கச்சி? நீ ஒருக்காக் குடிச்சுப் பாத்துச் சொல்லு."