ரொஷானை ஏன் இறக்கவில்லை

1. கமெரா முன்னால்

கொட்டாஞ்சேனையில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் மனேஜராக இருந்தபோது நடந்தது இது. தொடர்ந்து மூன்றாவது மட்ச்சிலும் தோற்று வெளியே வந்தோம். வெள்ளவத்தையிலிருந்து வரும் நிருபர் ஜெயந்தன் கமெராவை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கப்டன் ரொஷானை ரெண்டு மட்ச்சாய் இறக்கேல்ல. உங்களுக்கும் அவருக்கும் கோபமாம். உண்மையோ சேர்?"

உண்மை வேறு. பயிற்சியில் கோல் கம்பத்தில் மோதி ரொஷானுக்குத் தலையில் பலத்த அடி. ஒரு மாதத்துக்குப் பந்தைத் தொடவே கூடாது என்றார் டொக்டர். அப்போது மாலைதீவுக் கழகம் ஒன்று அவனை எடுக்க யோசித்துக்கொண்டிருந்தது. "அவைக்குத் தெரிஞ்சால் என்னை எடுக்கமாட்டினம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ சேர்" என்று என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தான்.

எனக்கு வாயில் வந்தது இதுதான்: "ரீம் என்ர பொறுப்பு. பந்தைப் பற்றி உமக்கென்ன தெரியும்?"

நான் வீட்டுக்குப் போய்ச் சேர முதலே அந்த வீடியோ எல்லாருடைய போனிலும் இருந்தது. மறுநாள் பாண் வாங்கப் போன என் மனைவியிடம், "அந்தப் பெடியனில சேருக்கு அப்பிடி என்ன கோபம்?" என்று கடைக்காரர் கேட்டாராம். பிறகு அவள் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. போன் அடித்தால் நான் எடுப்பதில்லை.

2. எழுபதாவது நிமிடம்

ரசிகர்களைச் சமாளிக்க, அடுத்த மட்ச்சுக்கு ரொஷானை ஜேர்சியுடன் பெஞ்சில் இருத்தினேன். அது பெரிய பிழை. எழுபதாவது நிமிடத்தில் ஒரு கோல் பின்னால் நின்றோம். கலரி முழுவதும் எழும்பி, "ரொஷான் கோ? மெனேஜர் எலியட்ட!" என்று கத்தியது. ரொஷான் எங்கே, மனேஜர் வெளியே போ என்று சிங்களத்தில்.

"நான் ஓகே சேர். இறக்குங்கோ" என்றான் ரொஷான்.

ஆள் மாற்றும் சீட்டில் அவன் இலக்கத்தை எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். நடுவரிடம் கொடுக்க நடந்தவன் ஏனோ திரும்பிப் பார்த்தேன். குனிந்து சப்பாத்து நூல் கட்டிய ரொஷான், நிமிரும்போது தடுமாறி பெஞ்சைப் பிடித்தான்.

"தலை சுத்துதோடா?"

அவன் பெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. சீட்டைக் கிழித்தேன்.

தோற்றோம். பஸ்ஸுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் ஒன்று என் தோளில் பட்டது. இரண்டு பொலிஸ்காரர்களுக்கு நடுவில்தான் பஸ் ஏறினேன்.

3. ஜெயந்தன் சொன்னது

மறுநாள் ரொஷானே ஜெயந்தனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னான். மாலைதீவு வாய்ப்புப் போய்விட்டது. ஜெயந்தன் என் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"மருத்துவக் காரணம், மேல கேட்காதேங்கோ எண்டு அண்டைக்குத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பன் சேர். நீங்கள் கமெராவுக்கு முன்னால என்னை ஏசினீங்கள்."



இப்போது மனேஜராக வருபவர்களுக்குச் சொல்கிறேன். சொல்ல முடியாத விஷயமென்றால், சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொல்லப் பழகுங்கள். எனக்கு அது தெரியவில்லை. அதனால் கலரியின் வாயை அடைக்க, காயம் ஆறாத ஒரு பெடியனை மைதானத்தில் இறக்கப் பார்த்தேன்.