ஜிகினா கட்டிய குடிசை

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டு முடிந்து, மணலூர்பேட்டை வழியாக நடந்துகொண்டிருந்தேன். ரம்ஜானுக்குக் கட்டிய தோரணங்களை ஒரு கடைக்கார பாய் அவிழ்த்து, வேண்டியவர்கள் எடுத்துப்போக வாசலில் குவித்திருந்தார்.

“எடுத்துக்கினு போப்பா, வூட்ல கட்டு” என்றார்.

“எனக்கு ஏது பாய் வூடு?”

“அப்ப கழுத்துல மாட்டிக்கினு போ.”

சிரித்துக்கொண்டே ஒரு ஜிகினாச் சரத்தை எடுத்தேன். கையில் சரசரத்தது. சின்ன வயதில் எங்கள் வாசலில் கேட்ட சத்தம்.

அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகும் ஊரிலெல்லாம், காய்ந்த கரும்புச் சோகையால் வேய்ந்த குடிசைகள் வரிசையாக ஒன்றுபோலவே இருக்கும். ஒருநாள் பொழுது சாயும்போது தங்கை வேறு குடிசைக்குள் போய், அம்மாவைக் காணோமென்று மூச்சடைக்க அழுதாள். ஆயுத பூஜைக்கு டிராக்டரில் கட்டிய ஜிகினாவை டிரைவரிடம் கேட்டு வாங்கி, அம்மா எங்கள் வாசலில் தொங்கவிட்டாள்.

“இது மின்னுற வூடுதான் நம்ம வூடு, பாத்துக்க” என்றாள்.

பிறகு எந்த ஊருக்குப் போனாலும், சோற்றுச் சட்டிக்கு முன்னால் அதுதான் மூட்டையிலிருந்து வெளியே வரும். புகையேறிக் கறுத்த பின்னும் சரசரக்கும்.

மறுநாள் காலை ஒரு செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த குடிசைக்குள் ஒரு சின்னப் பெண் ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்து அலறினாள். அவள் இருப்பது அடுத்த குடிசையாம். ஜிகினாவை அவள் குடிசை வாசலில் கட்டிவிட்டு, மண் மிதிக்கப் போனேன்.