ஒத்தை சிலிண்டர்க்காரி

மலர்க்கொடியைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. சொந்த மீட்டரைக் கையோடு கொண்டுபோய், சிலிண்டரில் மாட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கேஸ் வாங்குகிறவர்கள் ஒரு வகை. கொடுத்ததைத் தலையாட்டி வாங்கிக்கொண்டு போகிற கேனைகள் இன்னொரு வகை. முதல் வகையில் தன்னைத் தவிர வேறு யாராவது இருப்பதாக அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

திருவொற்றியூரில் ரயில்வே லைனை ஒட்டிய சந்தில் அவள் பட்டறை. எவர்சில்வர் மேஜை, பாத்திரம் கழுவும் தொட்டி, டீக்கடைக் கவுண்டர் என்று எல்லாம் ஆர்கான் வெல்டிங் வேலை. உருகும் இடத்தில் வெளிக்காற்று படாமல் ஆர்கான் கேஸ் மூடிக்கொண்டால்தான் பற்றவைத்த இடம் பளிச்சென்று இருக்கும். கேஸ் இல்லாவிட்டால் கரி பிடித்துப் பொரிந்துபோகும், அந்தத் தொட்டியை நாய்க்குத் தண்ணீர் வைக்கக்கூட எவனும் வாங்கமாட்டான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். ஓட்டல் சமையலறைச் சாமான் செய்கிற கம்பெனியில் பாலிஷ் போடப் போய், பக்கத்து மேஜை ஆம்பளைகள் பற்றவைப்பதைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு மே வெல்டிங் டார்ச்சு?" என்று கேட்டார் மேஸ்திரி. அவர் போட்ட வெல்டிங்கை எல்லார் எதிரிலும் விரலால் தடவி, "இது இன்னா மேஸ்திரி, அம்மை வாத்த மூஞ்சி மாதிரி கீது?" என்று கேட்டுவிட்டு வேலையை விட்டாள். முதலாளி வாசல் வரை வந்து, "ஒரே மாசத்துல திரும்பி வந்து நிப்ப" என்றார். அவள் போய் நிற்கவில்லை. ஆனால் அந்த ஆள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார், அவளுடைய வாடிக்கைகளையும் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு.

அந்த வாடிக்கைகளில் பெரியது சபீஹா. பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண பிரியாணி சமைத்துக் கொடுப்பவள், இடத்தைப் பெரிசாக்கி, மேஜையும் தொட்டியும் மலர்க்கொடியிடம் செய்யச் சொல்லியிருந்தாள். "நாளைக்கு காலைல அடுப்பு ஏத்தணும் மலரு. ராத்திரிக்குள்ள சாமான் வரலன்னா உங்க பழைய மொதலாளி ரெடியா வெச்சிகினு கீறாரு, அவராண்ட எடுத்துக்குவேன்" என்று நேராகவே சொல்லிவிட்டாள். கடைசித் தொட்டிக்கு ஒரே ஒரு பக்கம் பாக்கி. அந்த நேரம் பார்த்து கேஸ் தீர்ந்தது.

பெரிய கேஸ் கம்பெனிகளை அவள் முயற்சி பண்ணாமல் இல்லை. ஒருமுறை போன் போட்டதில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். மாதம் எத்தனை சிலிண்டர் மேடம் என்று கேட்டாள். "ஒண்ணு. வேல வந்தா ரெண்டு" என்றதும் தேன் நின்றுபோயிற்று. மேனேஜர் கூப்பிடுவார் என்றாள். அந்த மேனேஜர் பாவம், இன்னும் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

ஆகவே மணலி ரோட்டில் அர்ஜுனின் டிப்போதான் கதி. மாமனார் வைத்துக் கொடுத்த டிப்போ. அதை என்னவோ தானே மலையைப் புரட்டி உண்டாக்கியது மாதிரி அவன் கண்ணாடி அறைக்குள் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். ஃபேக்டரிகளுக்குப் போகும் லாரி முதலில். சின்னப் பட்டறைக்காரர்கள் சுவரோரம் வெயிலில். அவர்களுக்குப் பேர் கிடையாது. "அந்த ஒத்தை சிலிண்டரை ஓரமா நிக்கச் சொல்லு" என்பான், சிலிண்டரைச் சொல்கிறானா ஆளைச் சொல்கிறானா என்று தெரியாது.

கலீலுல்லா பாயின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் காலி சிலிண்டரை ஏற்றிக்கொண்டு மலர்க்கொடி போனபோது, சுவரோரம் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எண்ணூரில் கிரில் பட்டறை வைத்திருக்கும் சாலமோனைப் பார்த்ததும் அவளுக்கு வாய் நமநமத்தது.

"மீட்டர் எங்க நைனா?"

"அதெல்லாம் இல்லக்கா. ஒரு நம்பிக்கதான்."

"அந்த நம்பிக்கைய வெச்சே பத்த வெச்சுக்கயேன், கேஸ் எதுக்கு?"

சுவரோரம் சிரிப்பு. சாலமோனும் சிரித்தான், வேறென்ன செய்வான்?

அவள் முறை வந்தது. அர்ஜுனே வெளியே வந்து, சிலிண்டரின் கழுத்தைக் குனிந்து பார்த்தான். "இதை ரொப்ப மாட்டாங்கம்மா. டெஸ்ட் தேதி முடிஞ்சு போச்சு. பிளான்ட்ல இப்ப ஸ்ட்ரிக்ட் பண்ணிட்டாங்க."

சிலிண்டரைச் சில வருடங்களுக்கு ஒருமுறை சோதித்து, அந்தத் தேதியைக் கழுத்தில் கொத்தி வைப்பார்கள். அது கெடு தாண்டினால் நிரப்பக்கூடாது. மலர்க்கொடிக்கு இது தெரியாததல்ல.

"இன்னாபா ஒளர்ற? சீட்டு எடுத்து புத்தம் புதுசா வாங்குன சிலிண்டர் அது."

"நீங்க வாங்குனது புதுசா இருக்கலாம். நீங்க கொண்டாந்தது பழசு."

அவள் குனிந்தாள். பெயின்டைக் கட்டைவிரலால் சுரண்டினாள். தேதி எப்போதோ செத்துப்போயிருந்தது. கீழே கொத்தியிருந்த நம்பரும் அவளுடையது இல்லை.

விஷயம் இவ்வளவுதான். சொந்த சிலிண்டரைக் கொடுத்தால் அது பிளான்டுக்குப் போய் நிரம்பி வர நாளாகும். "எதுக்கும்மா காத்திருக்கீங்க, காலிய வெச்சுட்டு ரொம்புனத எடுத்துக்கங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்பான் அர்ஜுன். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவளும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் மீட்டரை மாட்டி, முள்ளைப் பார்த்து, தன்னை ஏமாற்ற எவனும் பிறக்கவில்லை என்று நிமிர்ந்து நடந்தாள். கழுத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நீலப் பெயின்ட். மீட்டர் இல்லாத கேனைகளுக்கும் மீட்டர் வைத்திருந்த கேனைக்கும் நடந்தது ஒன்றேதான்.

அவள் விறுவிறுவென்று லாரியிடம் போனாள். ஏற்றி வைத்திருந்த சிலிண்டர்களின் கழுத்துகளை வரிசையாகப் பார்த்தாள். எல்லாம் புதுத் தேதி. ஃபேக்டரி கேட்டில் தேதி பார்ப்பார்கள், பழசைத் திருப்பி அனுப்புவார்கள். சுவரோரம் நிற்கிறவனுக்கு கேட்டும் இல்லை, கேட்க நாதியும் இல்லை.

"டேய் சாலமோனு! அல்லாரும் கழுத்தப் பாருங்கடா! நம்ம புதுசெல்லாம் லாரில போவுது, அவன் பழச நம்ம தலைல கட்டிகீறான்!"

சுவரோரம் குனிந்து பார்த்தது. ஒன்றுகூட உயிரோடு இருக்கும் தேதி இல்லை. சத்தம் எழும்பியது. "ப்ரூஃப் இருக்கா?" என்றான் அர்ஜுன். "உன் மூஞ்சியே ப்ரூஃபுதான், மாமனார் துட்டுல வவுறு வளக்கற நாயே!" என்று மலர்க்கொடி ஆரம்பித்ததைக் கேட்டு, டீக்கடையில் இருந்தவர்கள்கூட கிளாஸோடு வந்துவிட்டார்கள்.

அர்ஜுன் புத்திசாலி. அவளை லாரிக்குப் பின்பக்கமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு இன்னிக்கு அவசரம்னு தெரியுது. புதுத் தேதி, ஃபுல் கேஸ். எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு மட்டும்."

அவள் மீட்டரை மாட்டிப் பார்த்தாள். முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறி நின்றது. சபீஹாவின் தொட்டி கண்ணுக்குள் வந்தது, வாசலில் நின்ற பழைய முதலாளியும் வந்தார். மேஸ்திரியும் முதலாளியும் மூட முடியாத வாயை ஒரு சிலிண்டர் மூடிவிட்டது.

கேஸுக்குத் துட்டைக் கொடுத்து வண்டியில் ஏற்றும்போது சாலமோன் கேட்டான். "எங்களுதுக்கா?"

"நாளிக்கி பேசிக்கலாம்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

கலீலுல்லா பாய் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார். "கத்துனது அல்லாருக்கும், ஏத்துனது ஒனக்கு மட்டுமா மே?"

"வண்டிய ஓட்டு பாய்" என்றாள். 

பட்டறையில் சிலிண்டரை நிறுத்தி, கேஸ் குழாயை மாட்டி, முகமூடியை எடுத்தவள் மறுபடி குனிந்து கழுத்தைப் பார்த்தாள். தேதி புதுசுதான். நம்பர்தான் அவளுடையது இல்லை. அப்படியென்றால் அந்தச் சுவரோரம் நிற்கிற எவனோ ஒருவனுடையது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊரையெல்லாம் கேனை என்றவள், அந்தக் கேனைகளில் ஒருவனிடமிருந்து அடித்த சாமானை வைத்துக்கொண்டு நிற்கிறாள். டார்ச்சை எடுக்கக் கை வரவில்லை.

சாலமோனுக்குப் போன் போட்டு நம்பரைப் படித்தாள். தன்னுடையது இல்லை, மற்றவர்களிடம் கேட்கிறேன் என்றான். கொஞ்ச நேரத்தில் அவள் போன் ஓயாமல் அடித்தது. தண்டையார்பேட்டையிலிருந்து ஒருத்தர், கொடுங்கையூரிலிருந்து ஒருத்தர். "யக்கா, அந்த நம்பர இன்னொரு தபா சொல்லு" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு வைத்தார்கள். கடைசியில் முகத்துவாரக்குப்பத்தில் படகு ரிப்பேர் பார்க்கும் பாரி கூப்பிட்டான்.

"என்துதான்க்கா. இப்ப வந்து எடுத்துக்கட்டா?"

அவள் பாக்கி நிற்கும் தொட்டியைப் பார்த்தாள். எடுத்துப்போனால் சபீஹா போனாள். இருந்தாலும், "வா" என்றாள்.

"இன்னா வேல ஓடுது?"

"கல்யாண சமையலுக்குத் தொட்டி. ஒரு பக்கம் பாக்கி."

"முட்ச்சுட்டு குடு. கேஸ் மட்டும் உன்துதானே" என்றான் பாரி. "நாளிக்கி ரெண்டு பேருமா போயி அந்த அர்ஜுன கேப்பம்."

"ரெண்டு பேரு போனா ரெண்டு சிலிண்டர் குடுத்து ரெண்டு வாய மூடிருவான். ஒண்ணுக்கே நான் மூடிகினேன்" என்றாள் மலர்க்கொடி. "அல்லாரையும் வரச் சொல்லு."

போனை வைத்துவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டாள்.